போன் களவு போன பிறகும் பில் ஏன் நிற்பதில்லை?

கொழும்பில் போனைப் பறிகொடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். போன் போன கவலையைவிட, அடுத்த மாதமும் அதற்குக் காசு கட்டவேண்டும் என்ற கவலைதான் அவர்களை அதிகம் வாட்டும். காலை நேரத்து 138 பஸ்ஸில் நெரிபட்டு வந்து, புறக்கோட்டையில் இறங்கிப் பொக்கெட்டைத் தடவினால் ஒன்றும் இருக்காது. அன்றைக்கே கம்பனிக்கு அழைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் மரியாதையாகத்தான் பதில் சொல்கிறார்: "சிம்மை இப்பவே நிப்பாட்டுறம் சேர். ஆனா தவணை முடியுமட்டும் பில் வரும்." கையில் இல்லாத பொருளுக்கு இன்னும் ஒன்றரை வருடம் பணம் கட்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்த எரிச்சலில் ஒரு பகுதி முழுக்க நியாயமானது. இன்னொரு பகுதி சட்டத்தின் முன் நிற்காது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கட்டியே தீரவேண்டிய காசு எது, பேசிக் குறைக்கக்கூடியது எது, கட்டவே தேவையில்லாதது எது என்பது தெரியும். பெரும்பாலானோர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஒன்று எல்லாவற்றையும் கட்டுகிறார்கள், அல்லது எதையுமே கட்டாமல் விட்டு இன்னும் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

ஒரு கையெழுத்துக்குள் இரண்டு ஒப்பந்தம்

போஸ்ட்பெய்ட் கனெக்ஷனோடு சேர்த்து ஒரு போனைத் தவணைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே மேசை, ஒரே படிவம், ஒரே மாத பில். அதனால் அது ஒரே உடன்பாடு போலத் தெரிகிறது. உள்ளே இருப்பவை குறைந்தது இரண்டு. ஒன்று, மாதம் இவ்வளவுக்கு அழைப்பும் டேட்டாவும் தருகிறோம் என்ற சேவை ஒப்பந்தம். மற்றது, போனின் விலையை மாதம் மாதம் அறவிடும் கடன். சில வேளைகளில் மூன்றாவதாகக் காப்புறுதி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கள்ளன் எடுத்தது போனை மட்டும்தான். சேவை ஒப்பந்தத்தின்படி கம்பனி தரவேண்டியதைத் தரத் தயாராகவே இருக்கிறது. புது சிம் போட்டு வேறொரு போனில் பாவிக்கலாம் என்கிறது. கடனைப் பொறுத்தவரை, பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலேயே விற்பவர் தன் பங்கை முடித்துவிட்டார். நமது நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்வதும் இதைத்தான்: வேறுவிதமாக இணங்கியிருந்தாலொழிய, பொருளின் உரிமை யாரிடம் போகிறதோ, அது அழியும் அல்லது தொலையும் ஆபத்தும் அவரிடமே போகும். கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிள் களவு போனால் கடன் அழியாது. போனுக்கும் அதே கதைதான்.

கடைசித் தவணை கட்டும்வரை உரிமை விற்பவரிடமே இருக்கும் வாடகைக் கொள்வனவு முறையும் இங்கே உண்டு. 1982ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் அதைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் நட்டம் உரிமையாளருக்குத்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் பொருள் தொலைந்தாலும் சேதமானாலும் பொறுப்பு எடுத்தவருடையது என்று ஒரு வாசகம் வழக்கமாகவே இருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுவதுதான் வாடகைக் கொள்வனவில் உள்ள பெரிய வசதி. களவு போன பொருளை எதை வைத்துத் திருப்பிக் கொடுப்பது?

கடன் யாருக்கு என்பதையும் பார்க்கவேண்டும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் நம் உறவினர்கள் 24 மாத ஒப்பந்தத்தில் போன் எடுப்பது சாதாரணம். இங்கே நிலைமை வேறு. இலங்கையில் பெரும்பாலானோர் பிரிபெய்ட்காரர்கள். சிம்மை ஒரு பக்கம் வாங்கி ரீலோட் போட்டுக்கொண்டு, போனை லிபர்ட்டி பிளாசாவிலோ யூனிட்டி பிளாசாவிலோ தனியாக வாங்கிப் பழகியவர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு எகிறியபோது போன் விலைகளும் எகிறின. ஒரேயடியாகக் காசு எடுத்து வைப்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு முடியாத காரியமாகிவிட்டது. இன்று கொழும்பில் நல்லதொரு போனை வாங்கும் பலர் ஏதோ ஒரு தவணையில்தான் வாங்குகிறார்கள். சிலர் கம்பனியின் போஸ்ட்பெய்ட் பில்லோடு சேர்த்து எடுக்கிறார்கள். சிலர் கடனட்டையில் 12 அல்லது 24 மாதத் தவணை போடுகிறார்கள். கோகோ போன்ற சேவையில் மூன்று தவணையாகப் பிரித்துக் கட்டுபவர்களும் உண்டு. தெரிந்த கடைக்காரரிடம் சொல்லிவைத்து எடுப்பவர்களும் உண்டு.

கடனட்டையில் எடுத்திருந்தால் கடைக்காரருக்கு வங்கி முழுப் பணத்தையும் எப்போதோ கொடுத்துவிட்டது. உங்கள் கடன் இப்போது வங்கிக்கு. கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பதிலோ மொபைல் கம்பனியிடம் முறையிடுவதிலோ பயனில்லை. கொள்வனவு நேர்மையாக நடந்திருப்பதால் வங்கியும் அந்தப் பரிவர்த்தனையை இரத்துச் செய்யாது. இதைச் சொல்வது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாமல் அங்கும் இங்கும் அலைவது அதைவிடக் கசப்பு.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். போனின் விலை 180,000 ரூபாய், 24 மாதத் தவணை, மாதம் 7,500. அதோடு கட்டாயமாக எடுத்த பெக்கேஜ் மாதம் 2,500. ஐந்து மாதம் கட்டிய பிறகு போன் களவு போகிறது. மிச்சம் 19 மாதம். போனுக்காக இன்னும் கட்டவேண்டியது 142,500 ரூபாய். பெக்கேஜுக்காக 47,500. இரண்டும் சேர்ந்து 190,000. அதாவது கையில் இல்லாத போனுக்காக, அதன் முழு விலையையும்விட அதிகமாக இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள்.

அந்த 142,500 கடன். அதை மறுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. என் கேள்வியெல்லாம் மற்ற 47,500 ரூபாயைப் பற்றியது. பெரிய டேட்டா பெக்கேஜை எடுத்ததே அந்தப் பெரிய போனுக்காகத்தான். போன் போய்விட்டது, வீட்டில் கிடந்த பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டு வைத்திருப்பவருக்கு மாதம் 50 ஜீபி எதற்கு? பாவிக்காத அந்தப் பெக்கேஜுக்கு 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரியையும் சேர்த்துக் கட்டுகிறார். கம்பனிக்கோ அந்தச் சேவையை வழங்கும் செலவுகூட இல்லை. கடனை அறவிடும் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. களவு போனதைப் பொலிஸ் முறைப்பாட்டோடு நிரூபித்த ஒருவரைக் குறைந்த பெக்கேஜுக்கு இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் அது முக்கியமாகக் குறிவைப்பது, தன் கவனயீனத்துக்கும் ஒப்பந்த மீறலுக்கும் தான் பொறுப்பில்லை என்று வியாபாரம் செய்பவர் எழுதிக்கொள்ளும் வாசகங்களை. இத்தனை மாதம் கட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை அது நேரடியாகத் தொடுவதில்லை. அதனால் இந்த இடத்தில் வாடிக்கையாளருக்குக் கைகொடுப்பது பேச்சுவார்த்தைதான்.

பேசப் போகும்போது 'போன் களவு போயிட்டுது, கன்ட்ராக்டை வெட்டுங்க' என்று கேட்டால் முடியாது என்ற பதில் தயாராக இருக்கும். அப்படிக் கேட்காமல் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். பெக்கேஜை ஆகக் குறைந்ததற்கு இறக்க முடியுமா? போனின் மிச்சக் கடனை இன்று ஒரேயடியாக முடித்தால் எவ்வளவு? இடைநடுவில் விலகினால் என்ன கட்டணம், அது எந்த வாசகத்தின் கீழ்? பதிலை ஈமெயிலிலோ கடிதத்திலோ எழுத்தில் வாங்குங்கள். கடையின் முன் மேசையில் இருப்பவருக்கு இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. எழுத்தில் போனால்தான் மேலே இருப்பவர் பார்ப்பார். 'தற்காலிகமாக நிறுத்துதல்' என்று ஒன்றைச் சொன்னால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: நிறுத்திய மாதங்களுக்கு வாடகை ஓடுமா, அந்த மாதங்கள் ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளுமா?

முதல் மணித்தியாலம்

இதுவரை பேசியது எப்படியும் வரப்போகும் பில். வராமல் தடுக்கக்கூடிய பில் ஒன்றும் இருக்கிறது. அதில்தான் நேரம் முக்கியம். போஸ்ட்பெய்ட் சிம் கள்ளன் கையில் இருக்கும்வரை அவன் எடுக்கும் அழைப்புகள் உங்கள் பேரில்தான் ஏறும். நீங்கள் கம்பனிக்கு அறிவித்த நிமிடம்வரை ஏறியது உங்கள் தலையில். அதற்குப் பிறகு ஏறினால் அது கம்பனியின் பொறுப்பு. ஒப்பந்தங்கள் பொதுவாக இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கியாவது உடனே அழைக்கவேண்டும். அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். பில்லில் வெளிநாட்டு அழைப்புகள் வந்து நின்றால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் துண்டுதான்.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டு பெரிய மொபைல் கம்பனிகள் சில, விரைவாக அறிவிக்கும் வாடிக்கையாளர் இத்தகைய அழைப்புகளுக்கு 100 பவுணுக்கு மேல் கட்டத் தேவையில்லை என்று இணங்கின. 2018 ஒக்டோபரிலிருந்து மாத பில்லுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே அங்கு வழங்கியது. ஆனால் அங்கும் மாத ஒப்பந்தத் தொகை களவோடு நின்றுவிடுவதில்லை. 'வெளிநாட்டில் என்றால் இப்படி நடக்காது' என்று நம்மில் சிலர் சொல்வது பாதிதான் உண்மை. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உச்சவரம்பை. இங்கே அப்படியொன்றைக் கொண்டுவருவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. போஸ்ட்பெய்டுக்குக் கடன் எல்லை வைக்கும் வசதி கம்பனிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டு அழைப்பே எடுக்காதவர் அந்த வசதியை இன்றைக்கே மூடிவைப்பது நல்லது.

சிம்மைத் தடுப்பதும் போனைத் தடுப்பதும் ஒன்றல்ல. இதைப் பலரும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். சிம்மைத் தடுத்தால் உங்கள் இலக்கத்தில் யாரும் பேச முடியாது. வங்கி அனுப்பும் ஓடிபி கள்ளன் கைக்குப் போகாது. ஆனால் போன் சும்மா இருக்கிறது. வேறு சிம் போட்டால் வேலை செய்யும். போனைத் தடுக்க அதன் ஐஎம்இஐ இலக்கம் வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண் அது. ஒவ்வொரு போனும் வலையமைப்பில் சேரும்போது தன் ஐஎம்இஐ இலக்கத்தைச் சொல்லித்தான் உள்ளே வருகிறது. கம்பனியின் பதிவேட்டில் அந்த இலக்கம் கறுப்புப் பட்டியலில் இருந்தால் எந்த சிம் போட்டாலும் இணைப்புக் கிடைக்காது.

இந்த 15 இலக்கங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் எட்டும் போனின் மாதிரியைச் சொல்பவை. அடுத்த ஆறும் அந்தத் தனிப் போனுக்கு உரியவை. கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு. இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று பதினான்காவது வரை உள்ள இலக்கங்களை இரட்டித்து, இரண்டு இலக்கத்தில் வரும் விடையின் இலக்கங்களைக் கூட்டி, மற்றவற்றையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் பத்தின் மடங்காக வரவேண்டும். ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினாலும் கணக்கு இடறிவிடும். பொலிஸ் முறைப்பாட்டில் ஒரு இலக்கம் பிழைத்ததால் தடுக்கும் வேலை அப்படியே நின்றுபோகலாம் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். போன் கையில் இருக்கும்போதே நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் இலக்கம் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள். பெட்டியிலும் ஒட்டியிருக்கும். பெட்டியை எறியாதீர்கள், பில்லையும்தான்.

சிம்முக்கு நான்கு இலக்கப் பின் போட்டு வைப்பவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும் என்பதை மறந்துவிடுகிறோம். சிம் பின் இருந்தால் மூன்று தடவை பிழையாகப் போட்டதும் அது பூட்டிக்கொள்ளும். பிறகு கம்பனி தரும் எட்டு இலக்கப் பக் குறியீடு இல்லாமல் திறக்காது. இரண்டு நிமிட வேலை இது.

பொலிஸ் முறைப்பாடு

முறைப்பாடு இல்லாமல் போனைத் தடுக்கவும் முடியாது, காப்புறுதிப் பணமும் கிடைக்காது, கம்பனியோடு பேசவும் உங்கள் கையில் எதுவும் இருக்காது. தொலைந்த போன்களுக்காகப் பொலிஸ் திணைக்களம் 'ஐ நீட்' என்ற இணையத்தளத்தை நடத்துகிறது. அங்கே ஒன்லைனில் விவரம் கொடுக்கலாம். ஆனால் பறித்துக்கொண்டு ஓடியிருந்தாலோ பொக்கெட்டில் உருவியிருந்தாலோ, சம்பவம் நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போவதே நல்லது என்பேன்.

தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுகிறார், வாசிக்கத் தெரியாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறீர்கள். 'பறிக்கப்பட்டது' என்று நீங்கள் சொன்னது 'தொலைந்துவிட்டது' என்று பதிவாகியிருந்தால், களவுக்கு மட்டும் பணம் தரும் காப்புறுதி அங்கேயே கைவிரித்துவிடும். கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் எழுதும் உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் அரசியலமைப்பில் சேர்த்த மொழி உரிமையைத்தான் கேட்கிறீர்கள், தயங்கவேண்டியதில்லை. எப்படி எழுதினாலும் மூன்று விஷயங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: களவு போன விதம், நேரம், ஐஎம்இஐ இலக்கம். பிறகு முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வழியாகக் கம்பனிகளுக்குப் போகும்போது, ஒரு வலையமைப்பில் மட்டும் தடுத்தால் போதாது, எல்லாவற்றிலும் தடுக்கவேண்டும். இந்தியாவில் இதற்காக 2023 மே மாதத்தில் சஞ்சார் சாத்தி என்ற பொது இணையத்தளத்தைத் திறந்தார்கள். போனைத் தடுக்கும் விண்ணப்பத்தை மக்களே அதில் போடலாம். தடுப்பதற்கும் எல்லை உண்டு. நாட்டுக்கு வெளியே போன போனை நம் நாட்டுப் பட்டியல் பிடிக்காது. கழற்றி உதிரிப்பாகமாக விற்றால் இலக்கத்துக்கே அர்த்தமில்லை. ஆனாலும் ஐபோனின் அக்கவுண்ட் பூட்டும், அன்ட்ரொய்டில் 2024இல் வந்த களவு கண்டறியும் பூட்டும், ஐஎம்இஐ தடுப்பும் சேரும்போது களவு போனின் விலை நன்றாக இறங்குகிறது. களவு குறைய வழி அதுதான்.

காப்புறுதியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. எடுத்தவர்கள் இரண்டு வாசகங்களை வாசித்தால் போதும். பொக்கெட்டில் தெரியாமல் உருவியதைக் களவாக ஏற்குமா, அல்லது வன்முறையோடு பறித்தால் மட்டுமா? எத்தனை மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டும்? கழிவும் தேய்மானமும் போக மிச்சம் எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

கட்டாமல் விட்டால்

'சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டேன், இனி என்ன செய்வார்கள்' என்று சொல்பவர்களை நிறையக் காணலாம். செய்வார்கள். முதலில் கனெக்ஷன் வெட்டப்படும், வருடக்கணக்காக வைத்திருந்த இலக்கம் போகும். பிறகு மிச்சத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்டுக் கடிதம் வரும், கடன் அறவிடுபவர்கள் அழைப்பார்கள். கடனட்டைத் தவணை என்றால் இன்னும் பாரதூரம்: தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறுவது ஒரு பக்கம், கொடுகடன் தகவல் பணியகத்தில், நாம் கிரிப் என்று சொல்லும் இடத்தில், பதிவாவது மறுபக்கம். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ லீசிங்குக்கோ போய் நின்றால், எப்போதோ களவு போன போன் அங்கே வந்து குறுக்கே நிற்கும்.

முறையிடுவதற்கு இடங்கள் இருக்கின்றன. சரியான கதவைத் தட்டவேண்டும். மொபைல் கம்பனியின் பில்லிலோ பெக்கேஜிலோ பிரச்சினை என்றால், முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டுவிட்டு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு. வங்கித் தவணை என்றால் முதலில் வங்கி, பிறகு மத்திய வங்கியின் 1935. கடைக்காரர் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. முறைப்பாடு நடக்கும் காலத்தில் கட்டுவதை நிறுத்தாதீர்கள். சர்ச்சை இல்லாத தொகையைக் கட்டி, சர்ச்சையான தொகையை மட்டும் எழுத்தில் மறுத்து வையுங்கள்.

அப்புறம், சிலருக்குப் போன் திரும்பக் கிடைக்கிறது. கிடைத்த செய்தி வந்ததும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினால், அது வழக்குப் பொருளாகிவிட்டது என்பார்கள். நீதவான் நீதிமன்றம் விடுவித்தால்தான் கைக்கு வரும். வாங்கிய பில்லும் பெட்டியும் அடையாள அட்டையும் அங்கேயும் கேட்கப்படும். தடுத்த ஐஎம்இஐயை விடுவிக்கவும் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அவ்வளவு காலமும் மாதத் தவணை வழக்கம்போல வந்துகொண்டேயிருக்கும்.